விமானத்தில் ஒரு போல்ட் மாறினால் பழி யார் தலையில் விழும்?

பொகவந்தலாவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “உயர்தரம் எழுதிய என் மகன் விமானப் பராமரிப்புப் படிக்கப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறான். ஒரு போல்ட்டை மாற்றிப் பூட்டினால் நூறு பேர் சாவார்கள் என்கிறார்களே, அந்தப் பழி இவன் தலையில்தானே விழும்?”

விழக்கூடும். ஆனால் பழி விழுகிற இடமும் தவறு தொடங்கிய இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வளைகுடாவில் ஒரு விமானப் பராமரிப்புக் கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் விமான விபத்து என்றாலே 1974 டிசம்பர் 4 நினைவுக்கு வரும். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு கட்டுநாயக்கவில் இறங்க வந்த டிசி-8 விமானம் ஏழு கன்னிமலையில் மோதி, 191 பேரும் இறந்தார்கள். ‘எஞ்சின் கெட்டுப்போனது’ என்று இன்றும் மஸ்கெலியாவில் சிலர் அடித்துச் சொல்வார்கள். விசாரணை அப்படிச் சொல்லவில்லை. விமானிகள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மலைக்கு மேல் இருக்கவேண்டிய உயரத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். அது வானத்தில் நடந்த தவறு. உங்கள் கேள்வி தரையில் நடப்பதைப் பற்றியது.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். கப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்களில் 84 விட்டம் குறைந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மீதி ஆறும் நீளம் போதாதவை. பூட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, அந்த இரவு ஷிப்டுக்கே பொறுப்பாளர். ஆள் பற்றாக்குறையால் வேலையைத் தானே கையில் எடுத்தார். கழற்றிய பழைய போல்ட்களோடு ஒப்பிட்டு, வெளிச்சம் குறைந்த ஓரிடத்திலிருந்து கண்மட்டத்தில் புதியவற்றைப் பொறுக்கினார். சரியான அளவைக் களஞ்சியக்காரர் சொல்லியிருந்தார், ஆனால் பொறுப்பாளர் தன் கண்ணையே நம்பினார். இதில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு: அந்தப் பழைய போல்ட்களே தவறானவை! நீளம் குறைந்தவை, ஆனாலும் அதுவரை தாங்கியிருந்தன. அவருக்கு முன்பே யாரோ தவறியிருந்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. போதாக்குறைக்கு, முன்கண்ணாடி வேலையை இன்னொருவர் மறுபடி சோதிக்கவேண்டும் என்ற விதியும் இல்லை. கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தும் வகை என்பதால், உள்ளே காற்றழுத்தம் ஏற ஏற அத்தனை பாரமும் போல்ட்களின் மீதே விழுந்தது.

சோம்பேறி செய்த வேலையா இது? இல்லை என்பேன். அவசரத்தை வழக்கமாக்கிக்கொண்ட ஒரு நல்ல வேலைக்காரர் செய்தது.

1991இல் டெக்சாஸில் ஒரு சிறிய விமானத்தின் வால்பகுதியில் 47 ஸ்க்ரூக்களை ஒரு ஷிப்ட் கழற்றியது. அடுத்த ஷிப்டுக்கு எழுத்தில் தகவல் இல்லை. விமானம் அப்படியே பறந்து 14 பேர் இறந்தார்கள்.

பழி என்றால் 1996 பெரு விபத்தைத்தான் பார்க்கவேண்டும். விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தம் அளக்கும் துளைகளை மூடி ஒட்டிய நாடாவை எடுக்க மறந்துவிட்டார்கள். இருட்டில் உயரமும் வேகமும் தெரியாமல் விமானம் கடலில் விழுந்து 70 பேர் மாண்டார்கள். நாடா வெள்ளி நிறம், விமானத்தின் உலோக நிறமேதான். மேற்பார்வையாளர் பார்க்கவில்லை, புறப்படுமுன் சுற்றிவந்த விமானியும் பார்க்கவில்லை. வழக்கில் குற்றவாளியானவர் நாடாவை ஒட்டிய தொழிலாளி. தோட்டத்து ஸ்டோரிலும் இதே கதைதானே? தேயிலை சரியாகக் காயவில்லை என்றால் ட்ரையரில் நின்றவனுக்கு ஏச்சு. மழைக் கொழுந்தை வாடவிடாமல் கீழே அனுப்பச் சொன்னது யார் என்று டீமேக்கரிடம் எவரும் கேட்பதில்லை.

ஏச்சால் தவறு குறையுமா? 1983இல் மியாமியிலிருந்து கிளம்பிய ஒரு ஈஸ்டர்ன் விமானத்தின் மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் ஒழுகியது. மூன்றிலும் ஒரே சிறிய ரப்பர் வளையத்தைப் போடாமல் விட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் ஒரு எஞ்சினை உயிர்ப்பித்துத் தப்பினார்கள். அதற்கு முன்பும் அதே நிறுவனத்தில் அதே வளையத்தால் பலமுறை கோளாறு வந்திருந்தது. ஒரே இரவில் ஒரே ஆள் எல்லா எஞ்சின்களிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது என்ற ஏற்பாடுதான் இத்தகைய ஆபத்தை உண்மையில் தடுக்கிறது.

பராமரிப்பில் தவறு நேர்வதற்கு, கனடாவின் கோர்டன் டுபோன்ட் 1993இல் தொகுத்த பன்னிரண்டு காரணங்கள் பல கூடங்களில் சுவரொட்டியாகத் தொங்குகின்றன. களைப்பு, அவசரம், தகவல் சொல்லாமை என்று நீளும். நல்ல பட்டியல். சுவரொட்டியைப் பார்த்துத் தூக்கம் கலைந்தவரைத்தான் நான் கண்டதில்லை.

மகன் படிக்கட்டும். கையேடுகளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் இப்போதே ஆங்கில வாசிப்பைப் பலப்படுத்தச் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் இடத்தில், ஷிப்ட் மாறும்போது பாதி வேலையை எழுதிக் கொடுக்கிறார்களா, தன் தவறைத் தானே சொன்னவரை என்ன செய்கிறார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் விசாரிக்கட்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.