கோ-கோ ஆடிய மகளுக்கு இப்போது மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஆறாம் வகுப்பில் பள்ளி கோ-கோ அணியில் இருந்தாள். கொரோனாவில் பள்ளியை மூடினார்களே, அப்போது வீட்டுக்குள் வந்தவள்தான். அப்புறம் மைதானம் பக்கமே போகவில்லை. இப்போது பிளஸ் ஒன். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அரசு கொடுத்த சைக்கிள் திண்ணையோரம் நிற்கிறது, ஷேர் ஆட்டோவில்தான் போய் வருகிறாள். "இனிமேல் படிப்பைப் பார்க்கட்டும், விளையாட்டு எதற்கு" என்கிறார் அவள் அப்பா. நான் என்ன செய்வது? மாதவிலக்கு நாள்களில் ஓடியாடலாமா என்பதையும் சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூச்சு வாங்குவதற்கு விளையாடாததுதான் காரணம் என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்காமல் பைக்குள் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள். உடம்பில் ரத்தம் இல்லாத பிள்ளையை ஓடு ஓடு என்று விரட்டினால் விளையாட்டையே வெறுத்துவிடுவாள்.

சரி, கொரோனாவுக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்புவரை உள்ளவர்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. பெரிய வகுப்புக்காரர்களாவது நடுவில் கொஞ்ச நாள் வந்து போனார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுவரை வீட்டிலேயே இருந்தார்கள். பல பெண்பிள்ளைகள் வயதுக்கு வருவதும் அந்த இடைவெளியில்தான். உயரமும் உடம்பும் மாறி, கூச்சமும் சேர்ந்து திரும்பி வந்தார்கள். அப்போது நான் உடற்கல்வி ஆசிரியையாக மைதானத்தில் நின்றேன். பையன்கள் முதல் நாள் சாயங்காலமே மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் யாரும் "போய் விளையாடு" என்று சொல்லவில்லை. பள்ளியிலோ, விட்ட பாடத்தைப் பிடிக்க வேண்டும் என்று பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆகவே உங்கள் மகளைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

வெளிநாடுகளிலும் இதுதான் நடந்திருக்கிறது. பல நாடுகளின் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியான அலசலில், பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளின் ஓட்டமும் ஆட்டமும் சுமார் 20 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்குக் கருவி கட்டி அளந்தார்கள். 2022-இல் ஓட்டம் பழைய அளவுக்குத் திரும்பியிருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருக்கும் நேரம் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. இன்னொன்றும் கவனித்தார்கள்: பிள்ளைகள் தாங்களாக ஓடியாடுவதைவிட, யாராவது கூட்டிவைத்து நடத்தும் விளையாட்டுகளை நம்பியிருப்பது கூடியிருந்தது. நம் பிள்ளைகளுக்குக் கூட்டிவைக்க ஆள் வேண்டுமே!

அந்த ஆளாக நீங்களே இருங்கள். திண்ணையோரம் நிற்கிற சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டை அவள் உயரத்துக்கு வையுங்கள். தெருவில் அதே பள்ளிக்குப் போகும் இன்னொரு பெண் இருந்தால் அவள் அம்மாவிடம் பேசி இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். துணை இருந்தால் பயமும் இருக்காது, சாக்கும் இருக்காது. இந்த வயதுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக இருபது, வர இருபது நிமிடம் மிதித்தாலே பெரும்பங்கு ஆயிற்று. அவள் அப்பாவிடமும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரமும் செல்போன் நேரமும்தான் இதற்குப் போகும், படிக்கும் நேரத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கோ-கோவுக்கு உடனே அனுப்பாதீர்கள். உட்கார்ந்து, சட்டென்று எழுந்து, திரும்பி ஓடும் ஆட்டம் அது. ஆண்டுக்கணக்கில் விட்டவர்களுக்கு முழங்காலும் கணுக்காலும் பிசகிவிடும். இரண்டு மாதம் சைக்கிளும் கயிறு தாண்டுவதுமாகப் போகட்டும். அதற்குள் பழைய அணியில் யார் யார் அதே பள்ளியில் இருக்கிறார்கள் என்று அவளிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போய் பி.டி. டீச்சரிடம் நின்றால் அவரால் மறுக்க முடியாது.

மாதவிலக்கு நாள்களில் தாராளமாக ஓடலாம், சைக்கிள் மிதிக்கலாம். லேசான அசைவு வயிற்றுவலியைக் குறைக்கவும் செய்யும். வலியோ போக்கோ மிக அதிகமாக இருந்தால் ஓய்வெடுக்கட்டும், மாதாமாதம் அப்படியே இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பையில் மாற்று நாப்கின் எப்போதும் இருக்கட்டும். விளையாட்டுக்கென்று இறுக்கமான மேல் உள்ளாடை (ஸ்போர்ட்ஸ் பிரா) இரண்டும் வாங்கிக் கொடுங்கள். அது இல்லாத கூச்சத்தாலேயே பல பிள்ளைகள் மைதானத்தை விட்டுப் போகிறார்கள், வெளியே சொல்லமாட்டார்கள்.