ஆன்டிபயாடிக் மாத்திரையால் குதிகால் வலிக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சுகருக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் லீவோஃப்ளாக்சசின் 500 ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். எரிச்சல் குறைந்துவிட்டது. ஆனால் நான்காம் நாளிலிருந்து குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வலிக்கிறது என்கிறார், மாடிப்படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். வயசானால் வருவதுதான் என்கிறார் அம்மா. மீதி மூன்று மாத்திரைகளையும் முடித்துவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் இன்றைக்கே அந்த டாக்டரிடம் பேசுங்கள். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நாங்களேதான் சொல்கிறோம், ஆனால் இந்த வலி வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், தொற்றுக்கு வேறு மருந்து மாற்றித் தருவார்.

குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அந்தத் தசைநாணை இந்த மருந்து புண்ணாக்கலாம், சிலருக்கு அறுந்தும் போகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லிவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். அதனால் தைலம் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், வாக்கிங்கும் கொஞ்ச நாள் வேண்டாம். 'பட்'டென்று சத்தம் கேட்டாலோ, பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றி எழும்ப முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இன்னும் கவலை. கிளிமெபிரைடோடு இந்த மாத்திரை சேர்ந்தால் சுகர் திடீரென்று இறங்கிவிடலாம். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், அப்புறம் குளுக்கோமீட்டரில் பாருங்கள். விழுங்க முடியாத அளவு மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

டாக்டர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். சாதாரண சைனஸ் தொந்தரவுக்கும் பெண்களுக்கு வரும் எளிய சிறுநீர்த் தொற்றுக்கும் வேறு வழி இருந்தால் இதைத் தவிர்க்கச் சொல்லி 2016-ல் அதே அமைப்பு சொன்னது உண்மைதான். ஆனால் ஆண்களுக்கு வரும் தொற்று பல நேரம் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வரை போயிருக்கும், அங்கே நன்றாக ஊடுருவிப் போகிற மருந்துகளில் இது ஒன்று. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கும் இதைத்தான் நம்பியிருக்கிறோம்.

அதனால்தான் மீதியிருக்கும் மூன்று மாத்திரைகளை அலமாரியில் எடுத்து வைக்காதீர்கள். நாளைக்கு வீட்டில் யாராவது நாள்பட்ட இருமலுக்கு அதை எடுத்துப் போட்டுக்கொண்டால், உள்ளே டி.பி. இருந்தாலும் கொஞ்ச நாள் அடங்கின மாதிரி தெரிந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போய்விடும்.

அந்த அட்டையை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டி, இது சாப்பிட்டபோது அப்பாவுக்குக் குதிகால் வலி வந்தது என்று சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் எல்லாமே இதே குடும்பம்தான்.