தெருவே கூடிச் செய்யும் வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பொது வேலைக்கு ஆள் சேர்ப்பது, காசு திரட்டுவது, அப்புறம் அந்தக் காசுக்குப் பதில் சொல்வது என்று எனக்குப் பல வருடம் ஓடிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன். சிலருக்கு நீளமாக, சிலருக்கு ரெண்டு வரியில், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வரி கட்டுகிறோம். சாக்கடை போடுவது அரசின் வேலை. நாங்கள் ஏன் மறுபடியும் கையிலிருந்து போட வேண்டும்?

கோபம் நியாயம்தான். ஆனால் எல்லாம் அவர்கள், எல்லாம் நாம் என்பதற்கு நடுவே ஒரு கோடு கிழிக்கலாம். பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி பகுதியில் 1980இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் அதைத்தான் செய்தது. வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் குழாய், பல சந்துகளைச் சேர்க்கும் குழாய் எல்லாம் மக்கள் பொறுப்பு. ஊர்க் கழிவைக் கொண்டுபோகும் பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இருபது, முப்பது வீடுகள் உள்ள சந்து ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தது, அவர் வசூலித்தார், அந்தக் காசு அந்தச் சந்திலேயே செலவானது. திட்ட அலுவலகம் அதைத் தொடவே இல்லை. அளந்து கொடுத்தது, வரைபடமும் கருவிகளும் ஆலோசனையும் கொடுத்தது, அவ்வளவுதான். இடையில் ஒப்பந்தக்காரர் இல்லை, வடிவமைப்பும் எளிமை, அதனால் அரசு செய்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆனது. தன் பங்கை முடித்துவிட்டு நின்று "பெரிய குழாய் எங்கே?" என்று கேட்பவனை அவ்வளவு சுலபமாகத் திருப்பி அனுப்ப முடியாது.

கேள்வி: அண்ணா, கூட்டம் போட்டால் பத்துப் பேர்தான் வருகிறார்கள். அதுவும் எப்போதும் அதே முகங்கள்.

உங்கள் ஊரில் மட்டும் இல்லை தம்பி. கசாலா மன்சூரியும் விஜயேந்திர ராவும் உலக வங்கிக்காக ஏறக்குறைய 500 ஆய்வுகளை அலசி 2013இல் சொன்னது இதைத்தான்: இப்படிப் பங்கேற்பவர்களில் வசதியும் படிப்பும் செல்வாக்கும் உள்ள ஆண்களே அதிகம்.

நான் நடத்திய ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பொதுக்குழாய் எங்கே வைப்பது என்று பேச்சு. முன்வரிசை நாற்காலிகளில் இருந்தவர்கள் அரைமணி நேரத்தில் இடத்தை முடிவு செய்துவிட்டார்கள், நானும் குறித்துக்கொண்டேன். கதவோரம் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு அம்மா, எல்லோரும் எழுந்த பிறகு என்னிடம் மெதுவாக, "அந்த இடத்தில் மழை வந்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்குமே" என்றார். தண்ணீர் எடுக்கப் போகிறவர் அவர். முடிவு செய்தவர்களில் ஒருவர்கூடக் குடம் தூக்கியதில்லை. மறுநாள் அந்த இடத்துக்கே போய், தரையில் சுண்ணாம்பால் தெருவை வரைந்து, குச்சியை அந்த அம்மா கையில் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் குழாயின் இடம் மாறிவிட்டது. அதிலிருந்து, ஆட்கள் வரவில்லையே என்று நான் புலம்புவதில்லை. அவர்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில், அவர்கள் இருக்கும் இடத்துக்கு நான் போகிறேன்.

கேள்வி: வீட்டுக்கு எவ்வளவு வாங்கலாம்? எல்லோருக்கும் ஒரே தொகையா?

தொகை முக்கியமில்லை, ஒரு வீடும் விடுபடக் கூடாது என்பதுதான் முக்கியம். ஒடிசாவில் கிராம் விகாஸ் அமைப்பு குடிநீர், கழிப்பறை வேலைக்கு வைத்த நிபந்தனையே, ஊரிலுள்ள அத்தனை குடும்பமும் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும் என்பது. ஊர்க்காரர்கள் ஒரு மூலநிதி சேர்க்க வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி இருக்கும், இருப்பவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் போடலாம். அந்த நிதியின் வட்டி பின்னால் வரும் புதுக் குடும்பங்களுக்கும் வசதி செய்து தர. காசு இல்லாத வீட்டிடம் உடலுழைப்பை வாங்கிக்கொள்ளுங்கள். தானமாகச் செய்து கொடுத்துவிட வேண்டாம், நாளைக்குக் கூட்டத்தில் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: வசதியான ஒருவர் முழுச் செலவையும் தானே ஏற்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்குங்கள், முழுசாக வாங்காதீர்கள். "நாங்கள் எவ்வளவு சேர்க்கிறோமோ அதே அளவு நீங்களும் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் மட்டும் போட்ட மோட்டார் பழுதானால் எல்லோரும் அவர் வாசலில்தான் போய் நிற்பார்கள். இன்னொன்று, இதற்கு மட்டும்தான் என்று கட்டிப்போட்டுத் தரும் பணம். கொடுத்தவர் காலமான பிறகும் நிபந்தனை உயிரோடு இருக்கும், தேவை மாறியிருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் 1914இல் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: பலர் கொடுத்ததை ஒன்றாக வைத்து, அந்தந்தக் காலத் தேவைக்கு ஏற்ப உள்ளூர்க் குழு முடிவு செய்யட்டும் என்று.

கேள்வி: நன்கொடையாளர் பெயரைக் கல்லில் பொறிக்கலாமா?

பொறித்தால் எல்லோர் பெயரையும், தொகை போடாமல், அகர வரிசையில். இல்லையென்றால் கல்லே வேண்டாம்.

கேள்வி: அதிகாரிகள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கூப்பிடுகிறார்கள். போவதில் அர்த்தம் இருக்கிறதா?

அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாகக் காட்டினார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து நாலாவது படிதான். கேட்டுவிட்டு அவர்கள் நினைத்ததையே செய்யலாம், தடுக்க யாருமில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகராட்சிப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் மக்களும் சேர்ந்து முடிவெடுக்கும் முறை, அதைத் தாண்டியது. அங்கே குடியிருப்பவர்கள் எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்தி, தங்கள் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே போங்கள். போய், "எங்கள் கருத்தில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் எப்போது தருவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தத் தேதி வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: வசதி இருந்தும் தராத வீட்டை என்ன செய்வது? இணைப்பைத் துண்டிக்கலாமா?

எடுத்த எடுப்பில் அதைச் செய்தால் பத்து வருடப் பகை. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், காடு, பாசன வாய்க்கால் போன்ற பொதுச்சொத்துகளை நீண்டகாலம் காப்பாற்றிய சமூகங்களை ஆராய்ந்து கண்டவற்றில் ஒன்று, தண்டனை சின்னதாகத் தொடங்கித்தான் படிப்படியாக ஏறும் என்பது. முதலில் யாராவது ஒருவர் தனியாகப் போய்க் காரணம் கேளுங்கள். பாதி நேரம் காரணம் காசில்லை, யாரோ எப்போதோ அவரை மதிக்காமல் பேசியதாக இருக்கும்.

கேள்வி: கணக்கை எப்படி வைப்பது? ஒருவருக்கொருவர் நம்பிக்கை இருக்கிறதே, போதாதா?

போதாது ஐயா. ஒருமுறை வண்டி வாடகைக்கு ரசீது வாங்காமல் விட்டுவிட்டேன், சின்னத் தொகைதான், மூன்று மாதம் அதையே பேசினார்கள். இப்போதெல்லாம் எண் அச்சிட்ட ரசீது, வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து, எல்லோரும் கடந்துபோகும் சுவரில் வரவு செலவுத் தாள். தாளைத் தாழ்வாக ஒட்டுங்கள், குழந்தைகள் சத்தமாகப் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் கேட்கும்.