மொட்டை மாடியில் மீனும் கீரையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மீன் தொட்டியையும் கீரைப் படுக்கையையும் ஒரே தண்ணீரில் இணைக்கும் அக்வாபோனிக்ஸ் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பலரும் குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். அங்கே தண்ணீர் குளிர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கவலை. நமக்கு அப்படியே தலைகீழ். வெயிலை முதலில் வைத்துத் திட்டமிட்டால் மற்றதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான்.

1000 லிட்டர் தொட்டி வாங்கிவிட்டேன். 4 அடிக்கு 8 அடியில் ஜல்லிப் படுக்கை போடப் போகிறேன். எத்தனை மீன் விடலாம்? (தாம்பரம்)

மீனை எண்ணித் தொடங்காதீர்கள், தீவனத்தை எடை போட்டுத் தொடங்குங்கள். செடிக்கு மீன் சாப்பாடு போடுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் சாப்பாடு போடுவது உங்கள் கைத் தீவனம். மீன் அதைத் தின்று அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. வேர் அந்த நைட்ரேட்டை எடுத்துக்கொள்கிறது.

ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட கையேடு தரும் கணக்கு இது. வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த செயின்ட் குரோயில் அக்வாபோனிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் ரகோசி பல வருஷம் நடத்திய ஆய்வுப் பண்ணையில், தண்ணீரில் மிதக்கும் பலகையில் செடி வளர்க்கும் மிதவைப் படுக்கைக்கு 60 முதல் 100 கிராம் வரை போட்டார்கள். அதுவும் வெப்பமண்டலம்தான். ஆனால் அங்கே மீன் கழிவில் பெரும்பகுதியைப் பிரித்து வெளியேற்றிவிடுவார்கள். நம் ஜல்லிப் படுக்கையில் அது அங்கேயே மட்கிச் செடிக்குப் போவதால் குறைந்த கணக்கே போதும்.

உங்கள் படுக்கை ஏறக்குறைய 3 சதுர மீட்டர். ஆக, தினம் 150 கிராம் தீவனம். அரைக் கிலோ எடையுள்ள திலேப்பியா தன் எடையில் 1.5 சதவீதம் போலத் தின்னும். அப்படியானால் 10 கிலோ மீன், அதாவது 20 மீன். 1000 லிட்டரில் 20 கிலோ வரை வைக்கலாம் என்றுதான் அந்தக் கையேடு சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு 10 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

இதில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 20 மீன் என்பது வளர்ந்த பிறகு வரும் கணக்கு. 10 கிராம் குஞ்சுகள் 20 விட்டால் அவை தின்னும் தீவனம் தினம் 10 கிராம் போலத்தான் இருக்கும். அது ஒரு சின்ன முறத்தளவு கீரைக்குத்தான் காணும். முதல் நாளே படுக்கை முழுக்க விதைத்துவிட்டு, இலை வெளுக்கிறது, தண்ணீரில் ஏதோ கோளாறு என்று கடைகடையாக அலைகிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை, பசிதான். மீன் வளர வளரப் படுக்கையை நிரப்பிக்கொண்டே போங்கள்.

தொட்டி நிரப்பியதும் மீன் விடலாமா? (திருச்சி)

கூடாது. பாக்டீரியா குடியேற நம் சூட்டில் மூன்று நான்கு வாரம் ஆகும். தொட்டிக்கும் படுக்கைக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனத்தைத் தண்ணீரில் போட்டு மட்கவிடுங்கள். மீன் வளர்ப்புக் கடையில் கிடைக்கும் சோதனைத் திரவங்களால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்து, மூன்றாவது ஏறினால் தொட்டி தயார். வேலை செய்துகொண்டிருக்கும் யாருடைய தொட்டியிலிருந்தாவது ஒரு வாளி ஜல்லி கிடைத்தால் பாதி நாளிலேயே முடிந்துவிடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றோட்டமாக வைத்திருந்து பிறகு ஊற்றுங்கள்.

மாடி தாங்குமா? (மதுரை)

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டின் ஐ.எஸ். 875 தர விதி சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமையைத்தான் கணக்கில் வைக்கிறது. ஓர் அடி ஆழ ஜல்லிப் படுக்கை தண்ணீரோடு சதுர மீட்டருக்கு 550 கிலோவைத் தாண்டும். 1000 லிட்டர் தொட்டி நின்றால் அந்த இடத்தில் ஒரு டன். கணக்கைப் பார்த்தாலே தெரியும். தரையில் இடம் இருந்தால் தரையில் வையுங்கள். மாடிதான் வேண்டுமென்றால், பீமும் பில்லரும் எங்கே ஓடுகின்றன என்று பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் சொல்லும் இடத்தில் மட்டும் வையுங்கள். பக்கத்து வீட்டில் தாங்குகிறது என்பது ஆதாரம் ஆகாது.

சுமையைக் குறைக்கப் பி.வி.சி. பைப்பில் செடி வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிழல் இல்லாத மாடியில் வேண்டாம். மதிய வெயிலில் பைப்பில் ஓடும் மெல்லிய தண்ணீர் கொதித்து வேர் வெந்துவிடும்.

போன மே மாதம் காலையில் எழுந்து பார்த்தால் மீன்கள் மிதந்தன. முந்தின நாள் நன்றாக இருந்தன. தண்ணீர் சோதனையிலும் குறை இல்லை. என்ன ஆகியிருக்கும்? (வேலூர்)

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் முதல் வருஷம் நினைவுக்கு வந்தது. கத்திரி வெயில் நாளில், நள்ளிரவுக்கு மேல் கரன்ட் போனது தெரியாமல் தூங்கிவிட்டேன். விடியும்போது ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. எட்டு மாதம் கையால் தீனி போட்டு வளர்த்தவை. அதனால் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7. இது தண்ணீர் கொள்ளக்கூடிய உச்ச அளவு. தொட்டியில் இருப்பது எப்போதும் இதைவிடக் குறைவு. மீனுக்கு 5க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. அதே நேரம் சூட்டில் மீனின் உடல் வேகமாக வேலை செய்வதால் அதற்குத் தேவை கூடுகிறது. பாக்டீரியாவும் ஆக்சிஜன் தின்னும். தண்ணீர் பச்சையாக இருந்தால், பகலில் ஆக்சிஜன் கொடுத்த பாசி இரவு முழுக்க அதையே உறிஞ்சும். வரவு குறைந்து செலவு கூடி, விடியும் முன் நாலு மணிக்கு ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். நீங்கள் ஏழு மணிக்குச் சோதிக்கும்போது அம்மோனியா சரியாகத்தான் காட்டும்.

என்ன செய்யலாம்? முதலில் தொட்டியின் இடம். மேற்கு வெயில் படாத சுவர் ஓரம் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் வெளியே வெள்ளை அடியுங்கள், அல்லது ஈரச் சாக்கு சுற்றுங்கள். சாக்கில் ஆவியாகும் நீர் தொட்டியைக் குளிர்விக்கும். தொட்டிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை கட்டாயம். ஜல்லிப் படுக்கையையும் மறக்க வேண்டாம். மொட்டையாக வெயிலில் கிடக்கும் கறுப்பு ஜல்லி ஒரு அடுப்பு மாதிரி. அதன் வழியே போய்த் திரும்பும் தண்ணீர் மொத்தத் தொட்டியையும் சூடாக்கும். இலை மூடும்வரை படுக்கைக்கும் வலை வேண்டும்.

தீனியைக் கோடையில் காலையில் மட்டும் போடுங்கள். வயிறு நிறைந்த மீன் செரிப்பதற்கு ஆக்சிஜன் அதிகம் கேட்கும், அந்த நேரம் இரவில் வரக்கூடாது. தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டினால் அளவைப் பாதியாக்குங்கள்.

அப்புறம் ஏர் பம்ப். தண்ணீர் மோட்டார் ஓடினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, ஏர் பம்ப் தனியாக வேண்டும், அது இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். 18 வாட் பம்ப் எட்டு மணி நேரம் ஓடினாலும் 150 வாட் மணிக்குக் குறைவுதான் செலவு. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், கரன்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். தொட்டி வாங்கும் முன் இதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

ஐஸ் கட்டி போடலாமா என்றால், சட்டென்று சூடு மாறுவதும் மீனுக்கு ஆகாது. மூடிய பாட்டிலில் உறைந்த தண்ணீரை ஒன்று இரண்டு மிதக்கவிடலாம், அவசரத்துக்கு மட்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் பி.எச். (அமில, கார அளவு) 8க்கு மேல். கீரையின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. மீனுக்கும் ஆபத்தா? (யாழ்ப்பாணம்)

குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய நீரைத் தருபவை, அதனால் வியப்பில்லை. இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறைவு. இரும்பு மீன் தீவனத்தில் போதிய அளவு இல்லை. இருப்பதும் பி.எச். உயர்ந்த நீரில் செடிக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். துருப்பிடித்த ஆணியைப் போடுவது பலன் தராது. கீலேட் செய்த இரும்பு உரம், அதாவது இரும்பு கரைந்தே நிற்கும்படி வேறொரு பொருளோடு பிணைத்த உரம் வாங்குங்கள். கார நீரில் இ.டி.டி.எச்.ஏ. வகை மட்டுமே நிலைக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. 6 சதவீத இரும்பு உள்ள பொடி என்றால் 1000 லிட்டருக்கு 33 கிராம். தண்ணீர் சிவக்கும், பயப்பட வேண்டாம்.

மீனுக்கு ஆபத்து உண்டு, இரும்பைவிட அதுதான் அவசரம். அம்மோனியாவில் ஒரு பகுதி மட்டுமே நச்சு வடிவம். 30 டிகிரி நீரில் பி.எச். 7 என்றால் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல், 8.5 ஆனால் இருபது பங்கு. சோதனையில் ஒரே அளவு காட்டும் அம்மோனியா உங்கள் தொட்டியில் கொல்லும், இன்னொருவர் தொட்டியில் ஒன்றும் செய்யாது.

வழி, மழைநீர். ஐப்பசி கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பிடித்துச் சேமித்து, ஆவியாகும் நீருக்குப் பதிலாக அதையே ஊற்றுங்கள். கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிக் கூடிக்கொண்டே போகும். படுக்கைக் கல்லையும் பாருங்கள். ஒரு கல்லில் வினாகிரி (வினிகர்) ஊற்றி நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், பயன்படுத்தாதீர்கள். கருங்கல் ஜல்லி நல்லது. எலுமிச்சை உப்பைத் தொட்டியில் கொட்டுவது வேண்டாம், பாக்டீரியாவுக்கு ஆகாது.

எந்த மீன்? விரால் வளர்க்க ஆசை. (தஞ்சாவூர்)

விரால் காற்றையும் சுவாசிக்கும், கரன்ட் போனாலும் தாங்கும். ஆனால் புரதம் கூடிய தீவனம் கேட்கும், அளவு மாறினால் ஒன்றையொன்று தின்னும். இரண்டாம் வருஷம் முயலுங்கள். முதலில் கிஃப்ட் திலேப்பியா, அதாவது வேகமாக வளரும்படி மேம்படுத்திய திலேப்பியா. மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையம் போன்ற நம்பகமான இடத்துக் குஞ்சு நல்லது. வெளிநாட்டு இனம் என்பதால் மழைக்காலத்தில் நிரம்பி வழியும் குழாயில் வலை போட்டு வையுங்கள், ஒரு குஞ்சுகூட ஏரிக்குப் போகக்கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருக்கிறது. யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மீன் சாப்பிடாத வீடுகளில் கோய், கோல்டு ஃபிஷ் போதும், கீரைக்கு வித்தியாசம் தெரியாது.

லெட்டூஸ் கசக்கிறது, சீக்கிரம் பூத்துவிடுகிறது. (கோவை)

சூடு தாங்காத செடி. மார்கழி, தை தவிர விட்டுவிடுங்கள். வள்ளைக்கீரை, கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா, தண்டுக்கீரை எல்லாம் நம் மண்ணில் ஈரத்திலும் சூட்டிலும் பழகியவை. வள்ளைக்கீரை வளரும் வேகத்தைப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும். காய் வேண்டுமென்றால் வெண்டை, மிளகாய்.

அசுவினிக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாமா? கொசு வருமா? (புதுச்சேரி)

வேப்பெண்ணெய்க் கரைசல் தண்ணீரில் வடிந்தால் மீனுக்குக் கெடுதல். சோப்பும் அப்படியே. செம்பு கலந்த மருந்து மீனையும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும். அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். மோசமான கிளையை வெட்டி எறியுங்கள்.

கொசு மீன் தொட்டியில் வராது, புழுவை மீன் தின்றுவிடும். ஜல்லிப் படுக்கையில் தண்ணீர் மட்டம் மேல் ஜல்லிக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்கட்டும். ஆபத்து, மீன் இல்லாத சேமிப்புத் தொட்டியில்தான். அதில் நாலு கப்பி மீன் விட்டு, மேலே கொசுவலை கட்டுங்கள். டெங்குக் கொசுவுக்கு ஒரு வாரம் தேங்கிய நீர் போதும்.

கரன்ட் பில் எவ்வளவு வரும்? லாபம் உண்டா? (ஆவடி)

40 வாட் மோட்டாரும் 18 வாட் ஏர் பம்பும் நிற்காமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 84 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். மோட்டாரை டைமரில் அரை மணிக்குக் கால் மணி ஓடவிட்டால் 55 யூனிட்டுக்கு இறங்கும். ஏர் பம்பை மட்டும் நிறுத்த வேண்டாம். இந்த அளவில் லாபம் பார்க்க முடியாது. மருந்து படாத கீரை வாரம் மூன்று நாள், வருஷத்துக்குப் பத்துக் கிலோ மீன் கிடைக்கும். அதற்காகச் செய்வதானால் செய்யுங்கள்.

எந்த மாதம் தொடங்கலாம்? (திருநெல்வேலி)

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். தையில் குஞ்சு விட்டவர்களுக்குக் கத்திரி வெயிலில் மீன் நடுத்தர எடையில், தொட்டி நிறைந்து, தீனி கூடிய நேரமாக வந்து நிற்கும். ஆடியில் விட்டால் மாசி பங்குனியில் அரைக் கிலோ ஆகிவிடும். சித்திரைக்கு முன் பெரியவற்றைப் பிடித்துச் சமைத்துவிட்டு, வைகாசியை நாலைந்து மீனோடு கடக்கலாம். அந்த நாலைந்தும் பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்கும், படுக்கையில் வெண்டையும் வள்ளைக்கீரையும் நிற்கும். அடுத்த ஆடிக்குப் புதுக் குஞ்சு. இந்த வருஷத்துக்கு, ஆனி பிறந்ததும் தண்ணீர் நிரப்பி மோட்டாரைப் போட்டுவிடுங்கள்.