யாருமே அழைக்காத ஃபங்ஷன் ப்ரொஃபைலரில் ஏன் தெரிகிறது?

கேள்வி இது: ப்ரொஃபைலர் (புரோகிராம் எங்கே நேரம் செலவிடுகிறது என்று அளக்கும் டூல்) வரையும் ஃபிளேம் கிராஃபில், சம்பந்தமே இல்லாத ஒரு ஃபங்ஷன் எல்லா ஸ்டாக்கின் (எது எதை அழைத்தது என்ற அடுக்கின்) நடுவிலும் உட்கார்ந்திருக்கிறது, டூலை நம்பலாமா?

டூலை நம்பலாம், அது காட்டும் இந்தப் பெயரைத்தான் நம்பக் கூடாது. மொரீஷியஸின் எபேனில் எங்கள் ஆபீஸில் எழுதிய ப்ரொஃபைலரில் இதே பிழையை நான் சரிசெய்திருக்கிறேன்.

ப்ரொஃபைலர் ஸ்டாக்கிலிருந்து எடுப்பது வெறும் அட்ரஸ்களைத்தான்; பெயரைச் சிம்பல் டேபிளில் தேடும். அதில் ஃபங்ஷன்களின் பெயர்களும் தொடக்க அட்ரஸ்களும் இருக்கும்; தேடுவதற்காக அவற்றை வரிசைப்படுத்தி வைப்போம். கையிலுள்ள அட்ரஸிலோ அதற்கு முன்போ கடைசியாகத் தொடங்கியது எதுவோ, அதன் பெயர்தான் விடை. போர்ட் லூயியிலிருந்து பஸ்ஸில் வரும்போது கடைசியாகத் தாண்டிய பலகையைப் பார்த்து போ பாசேனா ரோஸ் ஹில்லா என்று சொல்வோமே, அதேதான். தகராறு வருவது எல்லையில்.

ஒரு ஃபங்ஷன் 1600-ல் தொடங்குகிறது, நீளம் 48 பைட். அதன் கடைசிக் கட்டளை, திரும்பியே வராத ஒரு லூப்பை அழைக்கிறது. திரும்பாது என்று கம்பைலருக்குத் தெரிந்தால் அதற்குப் பின் எதையும் எழுதாது. 1643-ல் 5 பைட் அழைப்பு. ஸ்டாக்கில் ஏறும் ரிட்டர்ன் அட்ரஸ் (அழைப்பு முடிந்ததும் திரும்ப வேண்டிய இடம்) 1648. அங்கேதான் அடுத்த ஃபங்ஷன் ஆரம்பிக்கிறது, அதனால் அதன் பெயர் வந்துவிடுகிறது! இரண்டுக்கும் நடுவே இட்டு நிரப்பிய பைட்கள் இருந்திருந்தால் பெயர் தற்செயலாகச் சரியாகவே வந்திருக்கும். அதனால்தான் எங்கோ ஒரு வரி மாற்றினாலும் பிழை காணாமல் போய்விடக்கூடும்.

பக்கத்து சீட்டு ரோஸ் ஹில் தம்பிக்கு ஒரு யோசனை வந்தது: பெயரைத் தேடும் பைனரி சர்ச்சின் ஒப்பீட்டிலிருந்து 'சமம்' குறியைத் தூக்கிவிடலாமே? பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூடாது. உச்சி ஃப்ரேமில் (ஸ்டாக்கில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷனின் படியில்) இருப்பது ரிட்டர்ன் அட்ரஸ் அல்ல, அந்த நொடியில் சிபியூ நின்ற இடம். ஃபங்ஷனின் முதல் கட்டளையிலேயே ப்ரொஃபைலர் எடுக்கும் சாம்பிள் விழுந்தால் பழி முந்தைய ஃபங்ஷன்மேல் போகும்.

தேடலில் கை வைக்காதீர்கள். தேடலை அழைக்கும் இடத்தில், உச்சி ஃப்ரேமைத் தவிர மற்றவற்றுக்கு அட்ரஸில் ஒன்றைக் கழித்துக் கொடுங்கள். 1647 என்றால் அழைப்புக் கட்டளைக்குள்ளேயே விழும். சிக்னல் (ஓடும் புரோகிராமை இடையில் நிறுத்தும் ஓஎஸ் அறிவிப்பு) குறுக்கிட்ட ஃப்ரேமுக்கும் கழிக்கக் கூடாது, அதுவும் உண்மையான நிற்குமிடம்தான். பலரும் விட்டுவிடுவது இதை. திரையில் காட்டுவது கழிக்காத அட்ரஸாகவே இருக்கட்டும். டீபக்கரோடு ஒப்பிட வசதி.

வரி எண் தேடலுக்கும் கழித்த அட்ரஸையே கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபங்ஷன் பெயர் சரியாக வந்தும், வரி எண் பல இடங்களில் அழைப்புக்கு அடுத்த வரியைக் காட்டும்.