பத்தியம் இருந்தால் கட்டி கரையுமா?

கேள்வி: எனக்கு வயது 42. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. மாதவிலக்கு ஒன்பது நாள் நீடிக்கிறது; முதல் மூன்று நாள் உறைந்த ரத்தமாகக் கொட்டுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் 5 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு என்றார்கள். ரத்தம் 8.9தான் இருக்கிறதாம். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகி இறுகிப்போகிறது, அதனால் நிறுத்திவிட்டேன். நாத்தனார் சொல்படி இரண்டு மாதமாகக் கோழி, மீன், முட்டை, டோஃபு எதையும் தொடுவதில்லை. தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேன். தோழி ஒருத்தி 380 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு பவுடர் தருகிறாள். மூன்று டப்பா குடித்தால் கட்டி கரைந்துவிடுமாம். ஆபரேஷன் என்றாலே பயம். சாப்பாட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகி, பினாங்கு

பதில்:

அன்புச் சகோதரி,

அந்த 380 வெள்ளியை இன்னும் கொடுக்கவில்லை என்றால் பையிலேயே வைத்திருங்கள். வளர்ந்துவிட்ட ஃபைப்ராய்டைக் கரைக்கிற சாப்பாடோ பவுடரோ கிடையாது. அது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே முளைக்கிற கட்டி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற நம்முடைய ஹார்மோன்கள்தான் அதற்குத் தீனி. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பயம் தந்தது 5 சென்டிமீட்டர் அல்ல, 8.9. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? நைட் ஷிஃப்டில் கண் இருட்டுகிறதா? கடிதத்தில் இல்லை, ஆனால் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். சாதாரண மாதவிலக்கில் போகிற ரத்தம் 30, 40 மில்லி. 80 மில்லியைத் தாண்டினாலே அதிகம் என்பார்கள். நல்ல ரத்தத்தின் ஒவ்வொரு மில்லியிலும் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 200 மில்லி போனால் 100 மில்லிகிராம் இரும்பு போயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கே சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதிலும் ஒரு மில்லிகிராம் அன்றாடத் தேய்மானத்துக்குப் போய்விடும். இந்த நிலையில் கோழி, மீன், முட்டை மூன்றையும் ஒதுக்கிவிட்டால் எங்கிருந்து ஈடுகட்டுவது? நாத்தனார் அக்கறையில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பத்தியம் கட்டியைத் தொடவில்லை, உங்களைத்தான் இளைக்க வைத்திருக்கிறது.

பீட்ரூட்டுக்கு வருவோம். அது சிவப்பாக இருப்பதால் நம் வீடுகளில் அதற்கு ரத்தப் பதவி கொடுத்துவிட்டோம். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. பேரீச்சம்பழம் சுமார் ஒரு மில்லிகிராம். பிடித்தால் சாப்பிடுங்கள், நம்பி இருக்காதீர்கள். அதே 100 கிராம் கோழி ஈரலில் ஒன்பது, பத்து மில்லிகிராம் இருக்கிறது, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வறுத்துக் கொடுத்தார்களே, அது ஆட்டின் மண்ணீரல், இரும்பு நிறைந்தது. அந்த விஷயத்தில் பாட்டி சொன்னது சரி. ஆட்டிறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்கள். வாரம் ஒருநாள் ஈரலோ சுவரொட்டியோ, மற்ற நாளில் மீன், முட்டை, கோழி, டின் சார்டின் என்று மாற்றிக்கொள்ளுங்கள். டின் சார்டினை வெங்காயம், தக்காளி போட்டுப் பிரட்டி, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் ஷிஃப்ட் முடிந்து வந்தும் பத்து நிமிடத்தில் ஆகிவிடும்.

முருங்கைக்கீரை, பருப்பு, கொண்டைக்கடலையிலும் இரும்பு உண்டு. ஆனால் செடியிலிருந்து வருகிற இரும்பு கொஞ்சம் பிகு பண்ணும். கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் ஒழுங்காகச் சேரும். அதற்குக் கொய்யாவைவிட நல்ல துணை இல்லை. வண்டியில் நறுக்கி விற்கிறார்களே, அதே ஜம்பு பத்துதான். 'ஆசாம் போய்' என்ற உப்புப் பிளம் பொடியை மட்டும் கொஞ்சமாகத் தூவச் சொல்லுங்கள்.

இனி தே தாரிக், அதாவது நுரைக்க ஆற்றிய பால் தேநீர். நைட் ஷிஃப்ட் விட்டு காலை ஏழரைக்கு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, வாயை வைக்கும் முன்பே நுரையோடு தே தாரிக். பருப்பில் இருக்கிற கொஞ்ச இரும்பையும் தேயிலையின் டானின் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரையை அந்தத் தே தாரிக்கோடு விழுங்கினால் பாதி பலன்கூட வராது. தேயை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் பினாங்கில் யார் என் பதிலைப் படிப்பார்கள்! சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கோப்பி, மைலோ, பால் எல்லாவற்றுக்கும் இதேதான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தியதுதான் பெரிய தவறு. மலம் கறுப்பது உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால், அதில் பயப்பட ஒன்றுமில்லை. இறுகுவது நிஜத் தொல்லை. கட்டி பின்பக்கம் அழுத்தினாலும் மலச்சிக்கல் வரும் என்பதால் பழியை மாத்திரை மேல் மட்டும் போட முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா, வேறு வகை மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒருநாள் விட்டுச் சாப்பிட்டால் உடம்பு ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. ரத்தம் 12க்கு வந்தபிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். கையிருப்பு நிறைய அவ்வளவு நாள் ஆகும்.

டோஃபு, தெம்பே, சோயாப்பால்: வீட்டில் சாப்பிடுகிற அளவில் கட்டியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ப்ராய்லர் கோழி ஐந்து வாரத்தில் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும், ஹார்மோன் ஊசியால் அல்ல. எடை கூடுதலாக இருந்தால் அது வேறு கதை. கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கிறது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களிடம் ஃபைப்ராய்டு குறைவாகவும், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி அதிகம் சாப்பிடுகிறவர்களிடம் கூடுதலாகவும் காணப்பட்டிருக்கிறது. அதனால் தட்டில் பாதி காய் என்பது நல்ல பழக்கம்தான். ஆட்டிறைச்சி வாரம் ஒருமுறை போதும். பகலில் தூங்கி இரவில் வேலை செய்கிற உங்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கலாம். அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? இல்லையென்றால் பேச்சே வேண்டாம். இருந்து, கடைசி எழுத்து டி (T) என்றால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. பாதுகாப்பும் தரமும் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள், கட்டி கரையும் என்று யாரும் சான்று தரவில்லை. உள்ளே காச்சிப் பாத்திமா என்ற மூலிகை இருந்தால் தொடாதீர்கள். அதற்கு ஈஸ்ட்ரோஜன் போன்ற குணம் உண்டு. கிரீன் டீ சாரம் கேப்சூல்களில் கட்டி சுருங்கியதாகச் சிறிய ஆய்வு ஒன்று உண்டு, ஆனால் செறிவான கேப்சூல் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது.

ஆபரேஷன் பயம் புரிகிறது. ஃபைப்ராய்டு என்றாலே கர்ப்பப்பையை எடுப்பது என்றில்லை. அளவைவிட இடம் முக்கியம்: உள்வரிச் சவ்வை ஒட்டிய சின்னக் கட்டி கொட்டவைக்கும், வெளிப்பக்கம் வளர்ந்த பெரிய கட்டி சும்மா இருக்கும். உங்களுடையது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரத்தப்போக்கு நாட்களில் மட்டும் சாப்பிடுகிற டிரானெக்சாமிக் அமில மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஹார்மோன் சுரக்கும் காயில் (coil), கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது என்று பல வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தாலும் முதலில் ரத்தம் ஏறியாக வேண்டும், 8.9 வைத்துக்கொண்டு அவசரமில்லாத ஆபரேஷனுக்கு டாக்டர்களே தயங்குவார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு வந்தாலோ ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வாரமே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. சமையலறைக் காலண்டரில் ரத்தம் போகிற ஒவ்வொரு நாளும் எத்தனை பேட், எத்தனை பெரிய ரத்தக்கட்டி என்று குறித்து, டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். நான்கு வாரம் கழித்து ரத்தம் பார்த்தால் ஒன்றோ இரண்டோ ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ரத்தப்போக்கை முதலில் நிறுத்தியாக வேண்டும் என்று அர்த்தம். எண் என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.