புரிஞ்சுதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பதினான்கு வருட சர்வீஸ். இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். இனி எல்லாரும் 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' முறையில்தான் நடத்த வேண்டுமாம். மறுநாள் பாடத்தை முந்தின இரவே பத்து நிமிட வீடியோவாக எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். பிள்ளைகள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வீட்டுப்பாடக் கணக்கை வகுப்பில் போட வைக்க வேண்டும்.

மாலை ஏழரைக்கு அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துப் பேசுகிறேன். 42 பேரில் 15 பேர் பார்த்தால் அதிகம். பல வீட்டில் ஒரே போன்தான். அதுவும் அப்பாவோடு அச்சாபீஸுக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்குத்தான் திரும்பும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஹெச்.எம். தினமும் கணக்குக் கேட்கிறார். "வீடியோ போடுறதுக்கு ஃபீஸ் எதுக்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இந்த முறையில் சரக்கு இருக்கிறதா, இல்லை இதுவும் ஒரு ஃபேஷன்தானா? வீடியோ எடுக்க நல்ல ஆப் எது? இப்படியே போனால் எங்கள் வேலை என்ன ஆகும்? நான் எடுத்த வீடியோ ஒன்றை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் பாருங்கள். பெயரையும் ஊரையும் போட வேண்டாம்.

ஒரு கணித ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறியெல்லாம் மாறும் என்ற பாடம். நாலாவது நிமிடத்தில் குக்கர் விசில் அடிக்கிறது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறீர்கள். இருபது விநாடிக்குச் சுவர் மட்டும் தெரிகிறது. திரும்பி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டேன்?" என்று கேட்கிறீர்கள். பதினோரு நிமிட வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு நிமிடத்தில் நான்கு தடவை "புரிஞ்சுதா?" என்று கேட்கிறீர்கள். யாரைக் கேட்டீர்கள் டீச்சர்? சாய்த்து வைத்த போனையா? சரி, வீடியோவில் எதிரே ஆள் இல்லை, பழக்கதோஷம். வகுப்பில் மட்டும் என்ன நடக்கிறது? "புரிஞ்சுதா?" என்பீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று நாற்பது குரல் ஒரே ராகத்தில் வரும். அதில் பத்துக் குரல் பொய். எந்தப் பத்து என்று உங்களுக்கும் தெரியாது, பாதி நேரம் அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. பதினான்கு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டு, ஒரு தடவையாவது உபயோகமான பதில் கிடைத்திருக்கிறதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம் மதுரையில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் பேத்தி எட்டாம் வகுப்பு. டேபிளில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு இதே பாடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்ற வீடியோ, ஓடி வரும் எழுத்து, தெளிவான குரல். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளி ஓட்டினாள். நான் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு தடவை. ஏழாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு, "தாத்தா, இந்த அக்கா அதையே சொல்றாங்க" என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 10 – (6 – 2) என்ற கணக்குக்கு விடை 2 என்று எழுதியிருந்தாள். பத்தில் ஆறு போக நாலு, அதில் இரண்டு போக இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பில் நான் போட்ட அதே தப்பு.

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் அரைவருடம் ஒரு ஆசிரியர் கணக்கு எடுத்தார். 2 என்று எழுதினால் விரல் முட்டியில் ஸ்கேலால் ஒன்று வைத்து, "குறி மாறும்டா" என்பார். குறி மாறும் என்று எனக்கும் தெரியும். நூறு தடவை எழுதி மனப்பாடம். கணக்கு வந்தால் மட்டும் மாறாது. அப்புறம் அவர் மாற்றலாகிப் போய் வேறொரு சார் வந்தார். போர்டில் பாடம் நடத்தினால் அவர் சொல்வது ஒருவருக்கும் விளங்காது. கிறுக்கல் கையெழுத்து. போர்டைப் பார்த்துத்தான் பேசுவார். இன்றைக்கு அவர் ஒரு வீடியோ போட்டால் ஒரு லைக் விழாது. ஆனால் பத்து நிமிடத்தில் அதை முடித்துவிட்டு, கணக்கைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி வருவார். பெஞ்சுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவார். மூக்குப்பொடி வாசனை முதலில் வரும், பிறகு அவர் தலை வரும். நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "இதை எப்படிப் போட்ட? சொல்லு."

தப்பு என்று சொல்ல மாட்டார். நான் சொன்னேன்: பத்துல ஆறு போனா நாலு சார், நாலுல ரெண்டு போனா ரெண்டு. கேட்டுக்கொண்டே இருந்தவர், "கையில பத்து ரூபா வச்சிருக்க. கடையில ஆறு ரூபாய்க்குச் சாமான் வாங்குற. கடைக்காரர் ரெண்டு ரூபா தள்ளிக் கொடுக்குறார். கையில மீதி எவ்வளவு?" என்றார். ஆறு என்றேன். "அப்ப நோட்டுல ஏன் ரெண்டு? தள்ளுபடி செஞ்சவன் உன் கையில இருந்து மேற்கொண்டு ரெண்டு ரூபா பிடுங்கிட்டானா?"

அந்தக் கணத்தில் உள்ளே ஏதோ நகர்ந்தது. ஐம்பது வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு அடைப்புக்குறியில் நான் தப்பு விட்டதே இல்லை.

இதையே அவர் போர்டில் நின்றுகொண்டு எல்லாருக்குமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஏறியிருக்குமா? ஏறியிருக்காது. நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பது என் வாயிலிருந்து வந்த பிறகுதான் கடை உதாரணம் வேலை செய்தது. வீடியோவால் முடியாதது அது ஒன்றுதான். எதிரே இருப்பவன் எப்படிப் போட்டான் என்று அது கேட்காது. ஆனால் ஆசிரியரும் கேட்காவிட்டால் அவருக்கும் வீடியோவுக்கும் என்ன வித்தியாசம்? வீடியோவிலாவது பின்னால் தள்ளி ஓட்டலாம்.

அந்த வசதியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. சல்மான் கான் (நடிகர் இல்லை, இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும் கான் அகாடமிக்காரர்) 2004இல் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக்கொடுக்கப்போய்த் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு யூடியூபில் போட்டபோது, நேரில் சொல்வதைவிட வீடியோவில் சொல்வதுதான் பிடித்திருக்கிறது என்று அந்த உறவுக்காரப் பிள்ளைகளே சொன்னார்களாம். ஏன் பிடிக்காது? 'இதுகூடத் தெரியாதா' என்று முகம் சுளிக்க அங்கே ஆள் இல்லையே.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சரக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் பயிற்சியில் சொன்ன இடத்தில் இல்லை. 2007இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்ற ஊர்ப் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் இந்த முறையை ஆரம்பித்தார்கள். விளையாட்டுப் போட்டி அது இது என்று பிள்ளைகள் அடிக்கடி வகுப்பைத் தவறவிட்டார்கள். அவர்களுக்காகப் பாடத்தைப் பதிவு செய்து வைத்தார்கள். அப்போதுதான் ஒன்று பொறி தட்டியது: பாடத்தைக் கேட்கும்போது பிள்ளைக்கு ஆசிரியர் பக்கத்தில் வேண்டியதில்லை, கணக்கில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான் வேண்டும். நாமோ அந்த நேரம் பார்த்து வீட்டுப்பாடம் என்று அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இவ்வளவுதான் விஷயம். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் டிவிடி போட்டுக் கொடுத்தார்கள் என்பதை உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அப்பாவின் போன் ஒன்பது மணிக்கு வரும் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்? காலையில் பத்து நிமிடம் முன்னால் வரச் சொல்லி உங்கள் போனிலேயே காட்டலாமே.

ஆப் பற்றிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எதுவானாலும் சரி. சொல்லப்போனால் நீங்கள் வீடியோ எடுக்கவே வேண்டாம். 2018இல் புதுப் பாடநூல் வந்தபோதே பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு போட்டுக் கொடுத்தார்கள். 2019இலிருந்து கல்வித் தொலைக்காட்சி வேறு இருக்கிறது. அந்த நேரத்தில் பருப்பைக் கவனியுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்கும் ஹெச்.எம்.முக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள், பாவம், அவருக்கும் மேலே ஒருவர் கேட்பார். நேரடி வகுப்பையும் இணையப் பாடத்தையும் கலப்பதற்கு 'பிளெண்டட்' என்று ஒரு சொல்லையும் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். வீட்டில் மிக்ஸி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

வேலை போய்விடுமா என்ற பயத்தை மட்டும் அப்படித் தள்ள முடியவில்லை. அந்தப் பயத்துக்கு நம்ம ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றுக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்புக்கு வந்தார். இங்கத்தித் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் காப்பகத்தில் செய்யச் சொன்னால் சம்பள ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். நடந்தது. நம் சட்டாம்பிள்ளைதான், வேறென்ன. 1797இல் லண்டனில் இதை அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் மெட்ராஸ் காலேஜ் என்றே ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது.

பரவியதற்குக் காரணம் கற்பித்தல் மேல் இருந்த ஆசை மட்டும் இல்லை. ஒரே ஒரு ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பதுதான் அங்கே பலருக்குப் பிடித்துப்போனது. நல்ல யோசனை எப்போதும் கல்லாப்பெட்டிப் பக்கமாகத்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது. உங்கள் நிர்வாகமும் வீடியோவைப் பார்த்து அப்படி ஒரு கணக்குப் போட்டால், 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்ததை நினைவுபடுத்துங்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் பிள்ளைகள் வீடியோவிலும் டிவியிலும்தான் படித்தார்கள். கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? 'இல்லம் தேடிக் கல்வி' என்று தெருத்தெருவாக ஆளைத்தான் அனுப்பியது.

ஆனால் பெல் பார்த்ததில் இருந்த நல்லதை விட்டுவிட வேண்டாம். உங்களுக்கு 42 பிள்ளைகள். பீரியட் 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தே முட்டி போய்விடும். அப்போது என்ன செய்வது? நன்னூலில் பாடம் கேட்பதைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. (எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்று மார் தட்டப் போகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த வியாதி எனக்கு இல்லை.) ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கால் பங்குதான் கிடைக்கும் என்கிறார் பவணந்தி. கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். அடுத்தவருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை. நீங்கள் அடுப்படியில் மாய்ந்து மாய்ந்து எடுப்பது அந்த முதல் கால் பங்கு, டீச்சர். மீதி முக்கால் வகுப்பில் சும்மா கிடக்கிறது. அங்கேயும் போர்டுக்கு முன்னால் நின்று "புரிஞ்சுதா?" என்றால் எதைத் தலைகீழாகத் திருப்பி என்ன?

திங்கட்கிழமைக்கு வீடியோ போடாதீர்கள். போர்டில் 10 – (6 – 2) என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். ஆளாளுக்கு நோட்டில் விடை எழுதட்டும். 2 என்று எழுதிய பிள்ளையை 6 என்று எழுதிய பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒருவருக்கொருவர் எப்படிப் போட்டோம் என்று சொல்லட்டும். சத்தம் வரும், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. நீங்கள் நடந்துகொண்டே ஒட்டுக் கேளுங்கள். கடை, தள்ளுபடி எதையும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். வாய் துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

2 என்று எழுதிய பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதை அவர்கள் வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள். தங்கை பேத்தியிடம் நான் ஒட்டுக் கேட்கவில்லை. அவசரப்பட்டுக் கடைக் கதையைச் சொல்லிவிட்டேன். "ஓ, சரி தாத்தா" என்றாள். அடுத்த கணக்கு 15 – (7 – 3). மறுபடியும் 5 என்றுதான் எழுதினாள்.

அன்புடன்.